குழந்தைக்கு எச்.ஐ.வி. கூட்டு மருந்து தொடங்கப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி எழுதுவது

என் தங்கை போன பிறகு அவள் பையன் என்னிடம் வந்தபோது அவனுக்கு ரெண்டரை வயது. எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளை. இன்று பதினொன்று ஆகிறது, ஆறாம் வகுப்பு படிக்கிறான், என்னைவிட வேகமாக சைக்கிள் ஓட்டுகிறான். ஆனால் முதல் ஒன்றரை வருஷம் நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. யாராவது முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பணமும் மிச்சம், அழுகையும் மிச்சம். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆரணி என்று இந்தப் பக்கத்தில் எங்கேயாவது இப்போதுதான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். மருந்தின் அளவு, மாற்றம் எல்லாம் மையத்து டாக்டர் சொல்வதுதான். எனக்குத் தெரிந்தது ஒன்று: மருந்து இலவசம், நல்ல மருந்து, கிடைத்துவிடும். அதை ஒரு நாள் விடாமல் பிள்ளையின் வயிற்றுக்குள் போக வைப்பதுதான் வேலை. கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு வேலைக்கான ஏற்பாடு.

1. முதலில் ரிப்போர்ட் முடிவானதா என்று பாருங்கள்

தனியார் லேபில் ஒரு கார்டு பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் அது முடிவு இல்லை. அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் கொடுக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே வேறு வேறு கிட்டுகளில் மூன்று முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள், காசு கிடையாது, 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றவரோ பாதுகாவலரோ கையெழுத்து போட வேண்டும்.

கைக்குழந்தை என்றால் கதை வேறு. அம்மாவின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூட இருக்கலாம், அதனால் சாதாரணப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தாலும் குழந்தைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று அர்த்தமில்லை. 6 வாரத்தில் குதிகாலில் குத்தி, காகித அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்து, கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். திரும்ப 6 மாதம், 12 மாதம், கடைசியாக 18 மாதம். முடிவு வரச் சில வாரம் ஆகும். இங்கே நிறையப் பேர் ஏமாறுவது எப்படியென்றால், 6 வாரத்தில் 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகி அடுத்த பரிசோதனைக்குப் போவதில்லை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை தொற்றும் வாய்ப்பு இருக்கிறது, அதனால் 18 மாதம் முடியும் வரை விடாதீர்கள். இடைப்பட்ட காலத்தில் வேறு தொற்று வராமல் தடுக்க கோட்ரைமாக்சசோல் என்று ஒரு மருந்து கொடுக்கச் சொல்வார்கள், அதையும் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், ஒரு பிள்ளைக்கு உறுதியானால் அண்ணன் அக்கா எல்லோருக்கும் பாருங்கள். நன்றாக ஓடியாடும் பிள்ளைதானே என்று விட வேண்டாம். பத்து வயது வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கிற பிள்ளைகளும் உண்டு.

2. எந்த மையத்தில் பதிவது

நம்பிக்கை மையத்திலிருந்து உங்களை ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது கூட்டு மருந்து கொடுக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். வேலூருக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுப் பேருந்து நிலையத்திலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற பாதையில் இருக்கிறது. ஏறும்போதே அடுக்கம்பாறையில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள், நிற்காமல் போகிற வண்டியில் ஏறிவிட்டுப் பிள்ளையோடு திரும்பி வருவது கொடுமை. சி.எம்.சி.யில் ஏற்கெனவே காட்டிக்கொண்டிருப்பவர்கள் அங்கேயே அரசு மருந்து பற்றிக் கேட்டுவிடுங்கள். நாங்கள் எங்கே போகிறோம் என்பதை எழுதவில்லை, காரணம் உங்களுக்கே புரியும்.

சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்து சென்னையிலோ பெங்களூரிலோ போய்ப் பதிகிறவர்கள் நிறைய. நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். மூன்றாவது மாதம் பண்டிகைக் கூட்டம், நாலாவது மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், ஐந்தாவது மாதம் கையில் காசில்லை என்று மருந்து விட்டுப்போவது இப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். யாராவது பார்த்துக் கேட்டால் 'பிள்ளைக்கு ரத்தம் கம்மி, மாத்திரை வாங்க வந்தோம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே வரிசையில் நிற்பவரும் உங்களைப் பார்த்ததாக வெளியே சொல்ல மாட்டார்.

சிகிச்சை நிலைப்பட்ட பிறகு தாலுகா மருத்துவமனையில் இருக்கும் இணைப்பு மையத்திலேயே மருந்து வாங்க முடியுமா என்று கேளுங்கள். குழந்தைகளை எடை, அளவு பார்க்கப் பெரிய மையத்துக்கே வரச் சொல்வதும் உண்டு, கேட்பதில் தப்பில்லை.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பழைய ஜவுளிக்கடை துணிப்பையை இதற்கென்றே ஒதுக்கி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். எந்த விசேஷத்துக்கும் அந்தப் பையை எடுக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். முதல் நாளுக்கு உள்ளே இருக்க வேண்டியவை: நம்பிக்கை மையம் கொடுத்த ரிப்போர்ட் அசல், பிள்ளையின் பிறப்புச் சான்று, பிள்ளைக்கும் உங்களுக்கும் ஆதார், குடும்ப அட்டை, பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலு, தடுப்பூசி அட்டை, இதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு. அம்மாவோ அப்பாவோ ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தால் அவர்களின் ஏ.ஆர்.டி. எண். அம்மா என்ன மருந்து சாப்பிட்டாள் என்பதை டாக்டர் கேட்பார், ஏனென்றால் பிள்ளைக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பது அதையும் பொறுத்தது. எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவமனை வாசலில் ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்றால் டோக்கன் போய்விடும்.

தாத்தா பாட்டியோ என்னைப் போல் பெரியம்மாவோ வளர்த்தால் பெற்றவர்களின் இறப்புச் சான்றையும் வையுங்கள். மருந்துக்கு அது வேண்டியதில்லை, பின்னால் உதவித்தொகைக்கு வேண்டும். ஆதார் இல்லை, பெயரில் ஒரு எழுத்து தப்பு என்பதற்காகப் பாதி வழியில் திரும்பி விடாதீர்கள். நேராக ஆலோசகரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள்.

4. முதல் நாள் எப்படிப் போகும்

ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்தால் மதியத்துக்குள் முடியலாம். பதிவு, எடை, உயரம், ஆலோசகர், டாக்டர், ரத்தம் எடுப்பது, மருந்து கொடுக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக நகரும். பிள்ளைக்குச் சோறும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

ரத்தத்தில் சிடி4 (நோயை எதிர்க்கும் அணுக்கள்) எண்ணிக்கை, ஹீமோகுளோபின், கல்லீரல் இதெல்லாம் பார்ப்பார்கள். காசநோய் இருக்கிறதா என்று கேள்வி கேட்பார்கள்: இருமல், காய்ச்சல், எடை கூடாமல் இருப்பது, வீட்டில் யாருக்காவது டி.பி. இதில் எதையும் மறைக்காதீர்கள். டி.பி. இருந்தால் முதலில் அந்த மருந்தை ஆரம்பித்துவிட்டுத்தான் இதைத் தொடங்குவார்கள், சில மருந்தின் அளவும் மாறும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் மருந்து கைக்கு வந்துவிடும். சிடி4 குறையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்ற பழைய பேச்சை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இப்போது எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் உடனே தொடங்குவதுதான் விதி.

நாங்கள் ஏமாந்த இடம் இது. மையத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தனியார் கிளினிக்கில் 'இதெல்லாம் எடுத்துக்கொண்டு போனால்தான் பார்ப்பார்கள்' என்று சொல்லி நாலாயிரத்துச் சொச்சத்துக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். கம்மலை அடகு வைத்து எடுத்தேன். மையத்தில் அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் இலவசமாகத் திரும்ப எடுத்தார்கள். நம்பிக்கை மைய ரிப்போர்ட் போதும், வேறு எந்தப் பரிசோதனைக்கும் வெளியில் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு பச்சைப் புத்தகம் தருவார்கள். அதில்தான் எடை, மருந்து, அடுத்த தேதி எல்லாம் எழுதுவார்கள். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

5. என்ன மருந்து, எவ்வளவு: எடைதான் கணக்கு

குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான் அளவு. அபாகாவிர், லாமிவுடின் இரண்டும் சேர்ந்த மாத்திரை, அதோடு இன்னொரு மருந்து என்று மூன்று மருந்து சேர்ந்ததுதான் பொதுவாகக் கூட்டு மருந்து. அந்த மூன்றாவது மருந்து இப்போது பல பிள்ளைகளுக்கு டொலுடெக்ராவிர். 20 கிலோவுக்கு மேல் என்றால் பெரியவர்கள் சாப்பிடும் 50 மில்லிகிராம் மாத்திரையே. அதற்குக் கீழே தண்ணீரில் கரைகிற 10 மில்லிகிராம் மாத்திரை உண்டு. சிலருக்கு லோபினாவிர்-ரிடோனாவிர் சிரப் அல்லது மாத்திரை.

எடை கூடக்கூட அளவும் கூட வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது ஒரு கெட்ட அனுபவத்தில். கூட்டமான நாட்களில் ஒரு மையத்தில் எடையே பார்க்காமல் போன மாத எண்ணையே எழுதிவிட்டார்கள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பையன் அதற்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தான், மருந்து பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து நானே செருப்பைக் கழற்றி அவனை எடை மெஷினில் நிறுத்தி, எண்ணைப் பார்த்து, 'இதை எழுதுங்க சார்' என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்களும் செய்யுங்கள்.

6. தினமும் கொடுப்பது

இதுதான் பெரிய வேலை, நிதானமாகப் படியுங்கள்.

நேரம். வீட்டில் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு மருந்தைக் கட்டிவிடுங்கள். எங்கள் ஊரில் கம்பெனி சங்கு காலை எட்டுக்கு ஊதும், அது ஞாயிற்றுக்கிழமை ஊதாது, அதனால் போனில் அலாரமும் வைத்தேன். அலாரத்துக்குப் பெயர் 'பால் காய்ச்சு'. விருந்தாளி கேட்டாலும் ஒன்றும் தெரியாது.

சிரப். லோபினாவிர் சிரப்பின் கசப்பை நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், காபி குடித்த பிறகும் போகவில்லை. ரெண்டரை வயதுப் பிள்ளை துப்பாமல் என்ன செய்யும்? முதல் வாரம் முழுவதும் என் புடவை, பாய், சுவர் எல்லாம் மருந்துதான். நாங்கள் கண்டுபிடித்த வழி: முதலில் ஃப்ரிட்ஜ் தண்ணீரில் ஒரு ஸ்பூன், அல்லது ஐஸ் குச்சியை நக்க விட வேண்டும், நாக்கு மரத்துப் போகும். சிரிஞ்சை நாக்கின் மேல் அல்ல, கன்னத்தின் உள்பக்கம் வைத்து மெதுவாக விட வேண்டும். விழுங்கியதும் வேர்க்கடலையும் வெல்லமும் இடித்த உருண்டை ஒரு சுண்டைக்காய் அளவு. ஒரு வயதுக்குக் கீழே என்றால் தேனும் வேண்டாம், உருண்டையும் வேண்டாம். சிரிஞ்சில் சரியான அளவுக்கு நேராக நகப்பாலிஷில் ஒரு கோடு போட்டுவிட்டேன், என் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, நான் ஷிப்டில் இருந்தாலும் அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக் கொடுத்துவிடுவார். அளவு மாறும்போது பழைய கோட்டைச் சுரண்டிவிட மறக்காதீர்கள்.

வெயில். இந்தச் சிரப்பைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஏப்ரல், மே வேலூர் வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் வைத்தால் கெட்டது. ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் மையத்தில் சொல்லி வேறு வடிவ மருந்து உண்டா என்று கேளுங்கள். அது வரும் வரை ஈர மணலுக்கு நடுவில் புதைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் வைத்தோம். மருத்துவமனையிலிருந்து கொண்டு வரும்போதும் பஸ் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள்.

மாத்திரை. கரையும் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டு, முழுக்கக் கரைந்ததும் அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அடியில் ஒட்டியிருப்பதையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வைக்க வேண்டும், அதுவும் மருந்துதான். லோபினாவிர் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் அம்மியில் பொடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், பிள்ளைக்கு மருந்து சரியாகச் சேரவே இல்லை. விழுங்கப் பழக்க நாங்கள் சின்ன ஜவ்வரிசியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய மிட்டாய்த் துண்டுக்குப் போனோம். பத்து நாளில் வந்துவிட்டது.

இரும்புச் சத்து மாத்திரை. டொலுடெக்ராவிரோடு இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்துக் கொடுத்தால் கூட்டு மருந்து உடம்பில் சேராது. கூட்டு மருந்தை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் கழித்தோ கொடுக்க வேண்டும். சேர்த்துத்தான் கொடுக்க முடியும் என்றால் சாப்பாட்டோடு. பள்ளியில் வாரத்துக்கு ஒருநாள் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள் அல்லவா, அது எந்த நேரம் என்று பிள்ளையிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அவர் கூட்டு மருந்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றிக் கொடுத்தார், பிரச்சினை தீர்ந்தது.

டப்பா. பெயர் தெரியக் கூடாதென்று மருந்தைச் சத்து மாவு டப்பாவுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம், ஈரம் பட்டுக் கெட்டுப்போகும், எது எந்த மருந்தென்றும் குழம்பும். டப்பாவை அப்படியே துணியில் சுற்றிப் பூட்டுகிற பெட்டியில் வையுங்கள்.

ஊருக்குப் போவது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி ஒண்ணாம் தேதி அக்கா வீட்டுக்குப் போனோம். ஒரே நாள்தானே என்று மருந்து எடுக்கவில்லை. கூட்டத்தில் வண்டி கிடைக்காமல் மூன்று நாள் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கே போனாலும், ஒருநாள் பயணமாக இருந்தாலும், ஒரு வார மருந்து என் கைப்பையில் இருக்கும். வெளியூரில் மாட்டிக்கொண்டு மருந்து தீர்ந்துவிட்டால் அந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்தில் பச்சைப் புத்தகத்தைக் காட்டி இடைக்காலத்துக்குக் கேளுங்கள். ஊரே மாறுவதென்றால் முறையாக மாற்றல் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

7. மறந்தால், வாந்தி எடுத்தால், காய்ச்சல் வந்தால்

மறந்துபோனது ஞாபகம் வந்ததும் கொடுத்துவிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த வேளைக்குரியதை மட்டும், இரண்டு மடங்கு வேண்டாம். கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அபாகாவிர் தொடங்கிய முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, வாந்தி, மூச்சு வாங்குவது இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்றே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களாக நிறுத்திவிட்டு நீங்களாகத் திரும்ப ஆரம்பிப்பதுதான் ஆபத்து. அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் நிறுத்தினால் வாழ்நாளில் திரும்பக் கொடுக்கக் கூடாது, புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வாங்குங்கள். முதல் சில வாரத்தில் கழுத்தில் கட்டி வந்தாலும் காட்டுங்கள். உள்ளே ஒளிந்திருந்த டி.பி. வெளியே வருவதாக இருக்கலாம்.

பச்சிலை மருந்தில் ஆறு மாதத்தில் முழுக்கக் குணம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கூட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். கூட்டு மருந்து கிருமியை ஒழிப்பதில்லை, தலைதூக்க விடாமல் அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் திரும்ப எழும், எழும்போது அதே மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

8. மாதாமாதம் போகும்போது

முதலில் 15 நாள் மருந்து, அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை, நிலைப்பட்ட பிறகு இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்தும் தருவார்கள். மீதி இருக்கும் மாத்திரையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், எண்ணிப் பார்த்துத்தான் எத்தனை விட்டோம் என்று கணக்கிடுவார்கள். 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. தினம் ஒரு வேளை என்றால் மாதத்தில் ஒன்று விட்டால் பரவாயில்லை, இரண்டு விட்டாலே கணக்கு இடிக்கும். விட்டதை மறைக்க மீதியைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் ஒரு தடவை போட்டேன், திட்டுவார்கள் என்ற பயத்தில். ஆலோசகர் என்னைத் திட்டவே இல்லை, பின்னால் உண்மையைச் சொன்னபோது 'அக்கா, அந்த மாசமே சொல்லியிருந்தா நேரத்தை மாத்திக் கொடுத்திருப்போமே' என்றார்.

தொடங்கி 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்ப்பார்கள், வைரல் லோடு என்பார்கள். இதுவும் இலவசம். தேதி வந்தும் எடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், முடிவையும் கேட்டு வாங்குங்கள். 1000-க்குக் கீழே என்றால் மருந்து வேலை செய்கிறது. மேலே வந்தால் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள், கொடுப்பதில் எங்கே ஓட்டை என்று பார்த்து அடைத்து, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். டி.பி. வராமல் இருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை தருவார்கள், அதை முழுக்க முடியுங்கள்.

9. செலவும் உதவியும்

மருந்துக்குச் செலவில்லை. செலவெல்லாம் பயணமும் லீவும்தான். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ், சாப்பாடு என்று இருநூறுக்கு மேல். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வயது வரை பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை, அதனால் கொஞ்சம் முன்னாடியே கிளம்பி டவுன் பஸ்ஸாக மாறி மாறிப் போனால் பாதி மிச்சமாகும்.

எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று மாநில அரசின் அறக்கட்டளை ஒன்று இருக்கிறது, படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவுகிறது. ஆலோசகரிடம் கேட்டால் விண்ணப்பம் போட்டுத் தருவார். இன்னொன்று மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவு, மாதம் 4,000 ரூபாய். பெற்றோர் இல்லாமல் சொந்தக்காரரிடம் வளரும் பிள்ளை, அப்பா இல்லாத பிள்ளை, பெற்றவர் கடும் நோயில் இருக்கும் பிள்ளை இவர்களுக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்குக் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், எங்கே என்று உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீசில் கேட்டால் காட்டுவார்கள், வேலூர் மாவட்டத்துக்கு அது சத்துவாச்சாரியில். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அதைக் கேட்ட பிறகு எடுக்கப் போனால் நாள் இழுக்கும், முன்னாலேயே எடுத்து வையுங்கள். பிள்ளை பெயரில் உங்களோடு சேர்ந்த வங்கிக் கணக்கும் வேண்டும். பணம் வர மாதக் கணக்கில் ஆகும், விடாமல் விசாரியுங்கள். 'எல்லாம் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்' என்கிற புரோக்கரிடம் போகாதீர்கள், பணமும் போகும், விஷயமும் ஊர் முழுக்கப் போகும்.

10. பள்ளிக்கூடம்

பள்ளியில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2017 எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கவோ தனியாக உட்கார வைக்கவோ கூடாது, சம்மதம் இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லவும் கூடாது. எங்களுக்கு ஒரு பள்ளியில் யாரோ சொல்லி விஷயம் தெரிந்து, 'டி.சி. வாங்கிக்கோங்க, மத்த பேரன்ட்ஸ் கேக்கறாங்க' என்றார்கள். நான் அழுதுகொண்டே வாங்கி வந்துவிட்டேன். நீங்கள் வாங்காதீர்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பின்வாங்குவார்கள். இல்லையென்றால் 1097-க்குப் போன் போடுங்கள், காசில்லாத எண், தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

11. பிள்ளையிடம் சொல்வது

எல்லோரும் தள்ளிப்போடுவது இதைத்தான். ஆறு ஏழு வயதில் பெயர் சொல்லாமல் ஆரம்பிக்கலாம் என்று ஆலோசகர் சொன்னார். 'உன் ரத்தத்தில் காவல்காரங்க இருக்காங்க, ஒரு கிருமி அவங்களை அடிக்கப் பாக்குது, இந்த மாத்திரை அந்தக் கிருமியைத் தூங்க வச்சிடும்' என்று சொன்னேன். இரண்டு வருஷம் அது போதுமாக இருந்தது. பத்து, பன்னிரண்டு வயதுக்குள் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அவர்களே ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருப்பதைப் படித்துவிடுவார்கள், அப்புறம் நம்மை நம்ப மாட்டார்கள், கோபத்தில் மருந்தையும் விடுவார்கள். பரீட்சை நேரம் வேண்டாம். முழு ஆண்டு விடுமுறையில், ஆலோசகர் கூட இருக்க, சொல்லுங்கள். யாரிடமெல்லாம் இதைப் பற்றிப் பேசலாம் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் நான், ஆயா, ஆலோசகர் மூன்று பேர்.

பையனிடம் சொன்னது போன வருஷம் மே மாதம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி: 'அம்மா இந்த மாத்திரை சாப்பிடலையா, பெரியம்மா?' சாப்பிட ஆரம்பித்தாள், நடுவில் விட்டுவிட்டாள் என்று உள்ளதைச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அன்று ராத்திரி டப்பாவை அவன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருந்தார் ஆலோசகர், கொடுத்தேன். முதல் மூன்று மாதம் அவன் விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், சொல்லியாயிற்று என்று ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். இப்போது காலண்டரில் அவனே டிக் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து மீதி மாத்திரையைத் தட்டில் கொட்டி எண்ணுகிறோம்.